பழைய தொலைக்காட்சிப் போட்டிகளும் அவற்றை நடத்தியவர்களும்: நூலக விழாவுக்கு யோசனை வேண்டும்

சேப்பாக்கம் வாசகர் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பகுதிக் கிளை நூலகத்தின் வாசகர் வட்டம் பொங்கல் விடுமுறையில் ஒரு மாலை நேரப் போட்டி நடத்தத் தீர்மானித்திருக்கிறது. ஆண்டுதோறும் நடக்கும் பேச்சுப் போட்டிக்கும் கோலப் போட்டிக்கும் பதிலாக, 1990களிலும் அதற்கடுத்த பத்தாண்டிலும் நாம் தொலைக்காட்சியில் பார்த்துப் பழகிய போட்டி நிகழ்ச்சிகளில் ஒன்றை மேடையேற்றலாம் என்று மூத்த உறுப்பினர் ஒருவர் சொன்னார். அவர் சொல்லி முடிக்கும் முன்பே கூட்டத்தில் பெயர்கள் குவிந்துவிட்டன. பி.எச். அப்துல் ஹமீதின் 'பாட்டுக்குப் பாட்டு', ஏ.வி. ரமணனின் 'சப்தஸ்வரங்கள்', சரத்குமார் நடத்திய 'கோடீஸ்வரன்', ரம்யா கிருஷ்ணனின் 'தங்க வேட்டை', ஜெயா தொலைக்காட்சியில் குஷ்பு நடத்திய 'ஜாக்பாட்', ரிஷியின் 'டீலா நோ டீலா' என்று ஆளுக்கொன்றாகச் சொல்லிக்கொண்டே போனார்கள். போட்டி நிகழ்ச்சியே அல்லாத 'பெப்சி உங்கள் சாய்ஸ்' கூட, உமா அவர்களின் பெயருக்காகவே அந்தப் பட்டியலில் இடம்பிடித்தது.

பேசப் பேச ஒன்று புலப்பட்டது. அந்த நிகழ்ச்சிகளின் விதிமுறைகள் எங்களில் யாருக்கும் முழுமையாக நினைவில்லை. எத்தனை சுற்று, எவ்வளவு மதிப்பெண், பரிசு என்ன என்று கேட்டால் ஆளுக்கொரு விடை வருகிறது. நடத்தியவரின் குரலும், போட்டியாளரை அவர் அழைத்த விதமும், தோற்றவரை அவர் அனுப்பிவைத்த விதமும் மட்டும் எல்லோருக்கும் ஒன்றுபோல நினைவிருக்கின்றன. ஆகவே போட்டியைத் தேர்ந்தெடுப்பதைவிட அதை நடத்துபவரைத் தயார்ப்படுத்துவதுதான் பெரிய வேலை என்று நினைக்கிறேன்.

எங்களுக்கு உதவ வேண்டியவை மூன்று. பத்து வயதுச் சிறுவர் முதல் ஓய்வுபெற்றவர் வரை கலந்துகொள்ளும் கூட்டத்துக்கு எந்த நிகழ்ச்சியின் அமைப்பு பொருந்தும்? நடத்துபவர் அந்தக் கால அறிவிப்பாளர்களிடமிருந்து குறிப்பாக எதைப் பழகிக்கொள்ள வேண்டும்? பழைய பதிவுகளைப் பார்த்துத் தெரிந்துகொள்ள ஏதேனும் வழி இருக்கிறதா? பரிசாக நூல்களைத்தான் தரப்போகிறோம், பணம் கிடையாது.

திருவல்லிக்கேணி

ஐயா, தயக்கமே வேண்டாம், 'பாட்டுக்குப் பாட்டு' நடத்துங்கள். நீங்கள் சொன்ன வயது வரம்புக்கு அதைவிடப் பொருத்தமான போட்டி தமிழில் இல்லை என்பது என் உறுதியான கருத்து. பொது அறிவுப் போட்டி என்றால் மாணவர்கள் முந்துவார்கள், முதியவர்கள் பின்தங்குவார்கள். திரைப்பாடல் என்று வரும்போது எழுபது வயதுப் பாட்டியும் கல்லூரி மாணவரும் ஒரே மேடையில் சமமாக நிற்க முடியும்.

அந்த நிகழ்ச்சி சன் தொலைக்காட்சியில் 'லலிதாவின் பாட்டுக்குப் பாட்டு' என்ற பெயரில் வருவதற்கு முன்பே இலங்கை வானொலியில் வளர்ந்த ஒன்று என்பதை இளைய உறுப்பினர்களுக்குச் சொல்லுங்கள். இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. வானொலியில் முகம் தெரியாது, உடை தெரியாது, மேடை அலங்காரம் தெரியாது. அறிவிப்பாளரின் உச்சரிப்பும் அவர் விடும் இடைவெளியும் மட்டுமே கேட்பவரைக் கட்டிப்போட வேண்டும். ஹமீது அவர்கள் அந்தப் பயிற்சியோடு தொலைக்காட்சிக்கு வந்தவர். அதனால்தான் கேமரா முன் நின்றபோதும் அவர் கையை வீசவோ குரலை உயர்த்தவோ தேவைப்படவில்லை. ழகரமும் ளகரமும் லகரமும் அவர் நாவில் தனித்தனியாக விழுவதைக் கேட்டுத் தங்கள் பிள்ளைகளின் உச்சரிப்பைத் திருத்திய பெற்றோர்கள் எங்கள் தெருவில் இருந்தார்கள்.

நடத்துபவர் கூர்ந்து கவனிக்க வேண்டிய இடம், எந்த எழுத்தில் தொடங்கும் பாடலைப் போட்டியாளர் பாட வேண்டும் என்று எழுத்தைக் கொடுக்கும் அந்த ஒரு நொடி. ஹமீது எழுத்தைச் சொல்லும்போது அவசரமே இருக்காது. போட்டியாளரைப் பார்த்து, எழுத்தைத் தெளிவாக, குறிலா நெடிலா என்ற ஐயம் யாருக்கும் எழாதபடி சொல்லிவிட்டு, பிறகு அமைதியாகிவிடுவார். அந்த அமைதியில்தான் போட்டியே நடக்கிறது. நாங்கள் குடியிருந்த வீட்டில் ஐந்து குடித்தனங்களுக்கும் சேர்த்து ஒரே தொலைக்காட்சிப் பெட்டி. மேடையில் இருப்பவர் வாய் திறப்பதற்குள் கூடத்தில் உட்கார்ந்திருப்பவர்களில் யாராவது ஒருவர் பல்லவியைத் தொடங்கிவிடுவார், அடுத்தவர் அது அந்த எழுத்தில் தொடங்கவில்லை என்று மறுப்பார், அதற்குள் மேடையில் பாட்டு ஆரம்பித்துவிடும். நடத்துபவர் அந்த இடைவெளியைப் பேச்சால் நிரப்பியிருந்தால் எங்கள் கூடத்தில் எவருக்கும் பாட இடம் இருந்திருக்காது. இன்றைய நிகழ்ச்சிகளில் எனக்குள்ள பெரிய மனக்குறை இதுதான்: நேரம் ஓடும்போதும் நடத்துபவர் பேசிக்கொண்டே இருக்கிறார், அதற்கு மேல் பின்னணி இசையும் சேர்ந்துகொள்கிறது, வீட்டில் இருப்பவர் யோசிப்பதற்கு வழியில்லை.

தோற்றவரை அனுப்பும் முறையையும் மறந்துவிடாதீர்கள். பாடல் நினைவுக்கு வராமல் நின்றவரிடம் அவர் ஏளனமாக ஒரு சொல் சொல்லி நான் கேட்டதில்லை. பல நேரங்களில் அந்த எழுத்தில் தொடங்கும் பாடல் ஒன்றை அவரே நினைவூட்டிவிட்டுத்தான் அடுத்தவரிடம் செல்வார். விடை தெரியாமல் இறங்கிப்போனவரும் ஒரு பாட்டைக் கற்றுக்கொண்டுதான் போவார்.

அண்ணாநகர் தமிழாசிரியை

திருவல்லிக்கேணி ஐயா சொல்வதை ஏற்கிறேன். ஆனாலும் பாட வராதவர்கள், பாட வெட்கப்படுபவர்கள் உங்கள் வட்டத்தில் நிச்சயம் இருப்பார்கள். அவர்களுக்காக ஒரு சொல்விளையாட்டுச் சுற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். விஜய் தொலைக்காட்சியில் இசையமைப்பாளர் ஜேம்ஸ் வசந்தன் நடத்திய 'ஒரு வார்த்தை ஒரு லட்சம்' நினைவிருக்கும். இருவர் ஓர் அணி. ஒருவர் குறிப்புச் சொல்ல, மற்றவர் மறைந்திருக்கும் சொல்லைக் கண்டுபிடிக்க வேண்டும். இதற்குச் செலவே கிடையாது. சொற்கள் எழுதிய அட்டைகளும் ஒரு மணல் கடிகாரமும் போதும்.

ஜேம்ஸ் வசந்தன் அவர்கள் மேடையில் பேசிய தமிழை நான் வகுப்பில் எடுத்துக்காட்டாகச் சொல்வதுண்டு. இயல்பாகப் பேசுவார், பிழையில்லாமல் பேசுவார், அதற்காக எவரையும் மிரட்ட மாட்டார். மக்கள் தொலைக்காட்சி 2006இல் தொடங்கிய பிறகு 'தமிழ் பேசு தங்கக் காசு' என்ற நிகழ்ச்சியும் வந்தது. ஆங்கிலச் சொல் கலக்காமல் பேசுபவருக்குத் தங்கக் காசு என்று அறிவித்தபோது, வீட்டில் உட்கார்ந்து பார்த்த நாங்களும் எங்கள் பேச்சை நாங்களே கவனிக்கத் தொடங்கினோம். இந்த இரண்டு நிகழ்ச்சிகளுக்கும் தமிழ்ப் பாடநூல்களால் செய்ய முடியாத ஒரு வேலை கைகூடியது. தமிழில் பேசுவது தேர்வுக்கான சுமை என்ற எண்ணம் போய், அது விளையாட்டாகவும் இருக்கலாம் என்று பிள்ளைகள் உணர்ந்தார்கள்.

சேப்பாக்கம் ஐயா கவனத்திற்கு ஒரு நடைமுறைக் குறிப்பு. சொற்களைத் தேர்ந்தெடுக்கும்போது பண்புப் பெயர்களைக் குறைத்துக்கொள்ளுங்கள். 'அம்மிக்கல்', 'சுங்கச்சாவடி', 'நாழிகை' போன்ற சொற்களுக்குக் குறிப்புச் சொல்ல முடியும். 'பொறுமை', 'அடக்கம்' போன்றவற்றில் குறிப்புச் சொல்பவர் திணறுவார், பார்ப்பவர்களுக்கும் சலிப்பு வரும்.

வில்லிவாக்கம்

இங்கே எழுதியவர்கள் எல்லோரும் மொழி வளத்தையும் குரல் வளத்தையும் சொல்கிறார்கள். நான் சற்று மாறுபட விரும்புகிறேன். திரை நட்சத்திரங்கள் நடத்திய பரிசுப் போட்டிகளைக் குறைவாக மதிப்பிடும் போக்கு இந்த மாதிரிப் பேச்சுகளில் எப்போதும் தலைகாட்டுகிறது, அது நியாயம் இல்லை என்று கருதுகிறேன்.

இங்கிலாந்தில் 1998இல் கிறிஸ் டாரண்ட் நடத்தத் தொடங்கிய 'ஹூ வாண்ட்ஸ் டு பி எ மில்லியனர்' நிகழ்ச்சி, 2000 ஜூலையில் அமிதாப் பச்சன் வழியாக இந்திக்கு வந்தது. அதே அமைப்பில்தான் சரத்குமார் நடத்திய 'கோடீஸ்வரன்' தமிழில் வந்தது. அதன் பின்னர் 2012இல் சூர்யா, அடுத்தடுத்துப் பிரகாஷ் ராஜ், அரவிந்த் சாமி என்று 'நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி' விஜய் தொலைக்காட்சியில் தொடர்ந்தது. நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது மிக எளிய அமைப்புதான். ஆனால் அதன் வலிமை நிறுத்தத்தில் இருக்கிறது. எட்டிய தொகையோடு போட்டியாளர் விலகிக்கொள்ளலாம், அல்லது இழப்பை ஏற்றுக்கொண்டு அடுத்த படியில் கால் வைக்கலாம். அந்தத் தருணத்தில் நடத்துபவர் அவருடைய குடும்பம், ஊர், தொழில், கடன், படிப்பு எல்லாவற்றையும் பேசவைக்கிறார். ஒரு பெரிய நடிகர், ஒரு சிற்றூர் ஆசிரியருக்கு எதிரே உட்கார்ந்து அவர் பேசுவதை முழுமையாகக் கேட்கும் காட்சியைத் தமிழ்த் தொலைக்காட்சியில் அதற்கு முன்பு நான் பார்த்ததில்லை.

என் கருத்துக்கு வலுவான சான்று, கலர்ஸ் தமிழில் ராதிகா சரத்குமார் பெண்களுக்காக மட்டும் நடத்திய 'கோடீஸ்வரி'. 2020 ஜனவரியில் மதுரையைச் சேர்ந்த, கேட்கவும் பேசவும் இயலாத ஒரு பெண் அதில் ஒரு கோடி ரூபாயை வென்றார். உதட்டசைவைப் படித்துக் கேள்வியைப் புரிந்துகொள்பவரின் எதிரே உட்கார்ந்திருப்பவர் முகத்தைத் திருப்பாமல், சொற்களை விழுங்காமல், ஒரே வேகத்தில் பேச வேண்டும். நடத்துபவரின் உச்சரிப்பு அழகுக்கு மட்டும் உரியது என்று நினைத்தவர்களுக்கு அந்த நாள் வேறொன்றைக் காட்டியது. முன்பு கணவர் நடத்திய போட்டியின் அதே அமைப்பை இருபது ஆண்டுகள் கழித்து மனைவி நடத்தினார் என்பதும் அந்த நிகழ்ச்சியின் மீது எனக்குத் தனி அன்பு ஏற்படக் காரணம்.

'டீலா நோ டீலா'வைப் பற்றியும் ஒரு சொல். தொகைகள் மறைந்திருக்கும் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டே, தன் பெட்டிக்கு வங்கியாளர் தரும் விலையை ஏற்பதா மறுப்பதா என்று போட்டியாளர் முடிவு செய்யும் நிகழ்ச்சி அது. அதில் அறிவுக்கு வேலையில்லை, அதிர்ஷ்டம் மட்டுமே என்பார்கள். பெட்டிகளில் மீதமிருக்கும் தொகைகளைக் கூட்டிச் சராசரி எடுத்துப் பார்த்தால், தொடக்கச் சுற்றுகளில் வங்கியாளர் தரும் விலை அந்தச் சராசரிக்குக் கீழேதான் இருக்கும். இந்தக் கணக்கை வீட்டில் காகிதத்தில் போட்டுப் பார்த்த கல்லூரி மாணவர்களை எனக்குத் தெரியும். ஆனால் அதை நூலக மேடையில் நடத்த வேண்டாம். பரிசுத் தொகை இல்லாவிட்டால் அதில் எதுவும் மிஞ்சாது.

மயிலாப்பூர் வினாடி வினா அன்பர்

சென்னையில் வளர்ந்த வினாடி வினாக்காரன் என்ற முறையில், நடத்துபவரின் தொழில்நுட்பத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். இந்தியாவில் பொதுமக்களுக்கான முதல் வினாடி வினாவை 1967இல் கல்கத்தாவில் நீல் ஓ'பிரையன் நடத்தினார். தூர்தர்ஷனில் 1985இல் சித்தார்த்த பாசு நடத்திய 'குவிஸ் டைம்' அதை வீடுகளுக்குள் கொண்டுவந்தது. நம் ஊரில் சுவாமி சிவானந்தா சாலைத் தூர்தர்ஷன் நிலையத்திலிருந்து விளையாட்டு வினாடி வினாவை நெடுங்காலம் நடத்தியவர் மருத்துவர் சுமந்த் ராமன். ஆகஸ்ட் 15 வந்தால் மியூசிக் அகாதெமியில் லேண்ட்மார்க் வினாடி வினாவுக்குக் கூடிய கூட்டத்தை முன்னின்று நடத்தியவரும் ஒரு மருத்துவர்தான், நவீன் ஜெயக்குமார். இரண்டு பேரிடமும் நான் கண்ட பொதுப் பண்பு, மேடையில் தங்கள் அறிவைக் காட்டிக்கொள்வதில் அவர்களுக்கு ஆர்வமே இல்லை என்பது. அவையில் இருப்பவர் யோசித்துக் கண்டுபிடிக்கும்படி கேள்வி அமைய வேண்டும் என்பதில்தான் அவர்கள் கவனம் முழுவதும் இருந்தது. தெரிந்தவர் சொல்லலாம், தெரியாதவர் வாயடைத்து நிற்க வேண்டியதுதான் என்ற வகைக் கேள்விகள் எந்தக் கூட்டத்தையும் பத்து நிமிடத்தில் தூங்கவைத்துவிடும்.

மணி அடிக்கும் சுற்று வைப்பதாக இருந்தால் அமெரிக்க 'ஜெப்பர்டி' நிகழ்ச்சியின் ஒரு விதியை எடுத்துக்கொள்ளுங்கள். அலெக்ஸ் டிரெபெக் அதை 1984 முதல் 2020இல் இறக்கும்வரை நடத்தினார். தொடக்கத்தில் கேள்வியை அவர் வாசித்துக்கொண்டிருக்கும்போதே பொத்தானை அழுத்தலாம் என்று இருந்தது. 1985இல் அதை மாற்றி, வாசித்து முடித்த பிறகுதான் பொத்தான் வேலை செய்யும் என்று வைத்தார்கள். முழுக் கேள்வியும் கேட்டால்தானே வீட்டில் இருப்பவரும் சேர்ந்து விளையாட முடியும்? பொத்தான் வசதி இல்லாத உங்கள் மேடையில், நடத்துபவர் அட்டையைக் கீழே இறக்கிய பிறகே கை தூக்க வேண்டும் என்று சொல்லிவிட்டால் அதே பயன் கிடைக்கும். கூட்டத்திலிருந்து யாரும் உதவக் கூடாது என்பதையும் முதலிலேயே அறிவித்துவிடுங்கள்; இங்கிலாந்தில் 2001இல் ஒரு போட்டியாளர் அரங்கத்திலிருந்து எழுந்த இருமலைக் கேட்டு விடை சொன்னார் என்ற வழக்கு நீதிமன்றம்வரை போய்த் தண்டனையில் முடிந்தது.

டிரெபெக் முப்பத்தாறு ஆண்டுகள் ஒரே மேடையில் நின்றார் என்பதை யோசிக்கும்போது நம் நிலைமை வருத்தம் தருகிறது. இங்கே ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு புதிய நட்சத்திரம் வேண்டும் என்று நினைக்கிறார்கள். நடத்துபவருக்கு அந்தப் போட்டி பழகிக் கைவரும் நேரத்தில் நிகழ்ச்சியே முடிந்துவிடுகிறது.

சேப்பாக்கம் வாசகர்

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. முதல் பாதியில் பாட்டுக்குப் பாட்டு, இரண்டாம் பாதியில் சொல்விளையாட்டு என்று ஏறத்தாழ முடிவு செய்துவிட்டோம். நடத்துவதற்கு ஓய்வுபெற்ற அஞ்சல்காரர் ஒருவர் முன்வந்திருக்கிறார். தெளிவாகப் பேசுவார், ஆனால் மேடைக்குப் புதியவர். அவருக்குப் பழைய பதிவுகளைக் காட்ட முடிந்தால் பெரிய உதவியாக இருக்கும். பாட்டுக்கு இசைக்குழு அமைக்க எங்களிடம் வழியில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பெரம்பூர்

பதிவுகளைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். தூர்தர்ஷன், அகில இந்திய வானொலி ஆகியவற்றின் பழைய பதிவுகள் சிலவற்றைப் பிரசார் பாரதி ஆவணக் காப்பகம் யூடியூபில் வெளியிட்டு வருகிறது. அதில் தேடிப் பாருங்கள். தனியார் தொலைக்காட்சிகளின் 1990களின் போட்டி நிகழ்ச்சிகளில் இன்று கிடைப்பவற்றில் பல, ரசிகர்கள் வீட்டில் வி.சி.ஆர். வைத்துப் பதிவுசெய்து, பிறகு தாங்களாகவே கணினியில் ஏற்றியவை. படம் நடுங்கும், ஓரத்தில் கோடு ஓடும், விளம்பரங்களும் சேர்ந்தே வரும்; ஆனாலும் அறிவிப்பாளரின் குரல் நன்றாகவே கேட்கும். உங்கள் நண்பருக்கு வேண்டியதும் அதுதானே.

நல்ல பதிவுகள் இவ்வளவு அரிதாக இருப்பதற்கு, போட்டி நிகழ்ச்சிகளை யாரும் கலையாக நினைத்துச் சேமிக்கவில்லை என்பதுதான் உண்மைக் காரணம். ஒளிநாடா விலை மிகுந்ததாக இருந்த காலத்தில் பழைய பதிவின் மேலேயே புதியதைப் பதிவு செய்யும் வழக்கம் உலகின் பெரிய தொலைக்காட்சி நிறுவனங்களிலும் இருந்தது. மேலே குறிப்பிட்ட 'ஜெப்பர்டி'யின், 1964 முதல் 1975 வரை ஆர்ட் ஃபிளெமிங் நடத்திய முதல் வடிவத்தில் பெரும்பகுதி அப்படித்தான் அழிந்துபோயிற்று. ஆகவே உங்கள் வட்டத்தில் யாரிடமாவது பழைய வி.எச்.எஸ். நாடாக்கள் பரணில் கிடந்தால் விழாவுக்கு முன்பே கேட்டு வாங்கிப் பாருங்கள். கல்யாண வீடியோ என்று சீட்டு ஒட்டிய நாடாவின் கடைசி அரை மணி நேரத்தில் ஒரு பாட்டுக்குப் பாட்டு இருக்கக்கூடும். பூஞ்சை படிந்திருந்தால் நீங்களே ஓட்டிப் பார்க்க வேண்டாம், நாடா அறுந்துவிடும். பழைய நாடாக்களை மாற்றித் தரும் கடைகளில் கொடுங்கள்.

அண்ணாநகர் தமிழாசிரியை

அஞ்சல்காரர் ஐயா நடத்துகிறார் என்பது மகிழ்ச்சியான செய்தி. ஆயிரம் வீட்டு வாசலில் நின்று பெயரைத் தெளிவாகக் கூப்பிட்டுப் பழகியவருக்கு மேடை அச்சம் விரைவில் போய்விடும். இசைக்குழுவுக்குப் பதிலாக, அருகிலுள்ள பள்ளியின் இசை ஆசிரியரை ஒரு ஆர்மோனியத்தோடு அழைத்துவிடுங்கள். பாடுபவர் எடுத்த சுருதியை அவர் பிடித்துக்கொண்டால் போதும், பல்லவியும் ஒரு சரணமும் நிறைவாக வந்துவிடும்.

எழுத்துச் சீட்டுகளை மட்டும் முன்கூட்டியே கவனமாகத் தயாரியுங்கள். உயிரெழுத்துகளில் ஔ தவிர மற்றவற்றையும், க, ச, த, ந, ப, ம, வ வரிசைகளையும் தாராளமாக எழுதலாம், அவற்றில் பாடல்களுக்குப் பஞ்சமே இல்லை. யகரத்தில் யா மட்டும் போதும். ரகரமும் லகரமும் இலக்கணப்படி தமிழ்ச்சொல்லுக்கு முதலில் வராவிட்டாலும் திரைப்பாடலில் ரா, லா தாராளமாக வரும் என்பதால் அவற்றைக் கடினமான சுற்றுக்கு வைத்துக்கொள்ளலாம். ஞகரத்தில் ஞா ஒன்றைக் கடைசிச் சுற்றில் வையுங்கள். ங, ண, ழ, ள, ற, ன ஆகிய வரிசைகளுக்குச் சீட்டே எழுத வேண்டாம். சிறுவர்களுக்குத் தனிப் பெட்டி வைத்து அதில் அ, ஆ, க, ம, வ சீட்டுகளை மட்டும் போட்டுவிடுங்கள். கொடுத்த சீட்டைத் திரும்பப் பெட்டிக்குள் போடாமல் மேசையில் தனியாக வைக்கச் சொல்லுங்கள். ஒரே எழுத்து இரண்டு பேருக்கு வந்தால் முதலில் பாடியவரின் பாட்டையே மற்றவரும் சொல்லி, அங்கே ஒரு வழக்கு தொடங்கிவிடும்.